பூட்டிய கதவைப் பற்றி ஒரு மனு

“எங்க ஊட்டு நம்பர இன்னாத்துக்குக்கா போட்டீங்க?”

எஸ்தர் என் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. இன்னும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறேன். சமைக்கும்போது யோசிக்கிறேன். துணி காயப்போடும்போது யோசிக்கிறேன். பதில் கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும்... அடுத்த நிமிஷமே அது பதில் இல்லை, சாக்கு என்று தெரிந்துவிடும்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே பாருங்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — நான் கவரைப்பேட்டையில் இருக்கிறேன். கணவருக்குத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை. மகள் பிறக்கும்வரை ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். மகளுக்கு இப்போது நான்கு வயது. எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து ரயில்வே லைனைத் தாண்டினால் ஒரு காலனி. வரிசையாக ஷீட் போட்ட வீடுகள். ஒரு தலைமுறைக்கு முன்புவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். இப்போது ஆண், பெண் இருவரும் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகிறார்கள்.

பஸ் வருவது காலை அஞ்சு இருபதுக்கு. பால்வாடி திறப்பது ஒன்பது மணிக்கு.

இந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவில் குழந்தைகள் என்ன ஆகிறார்கள்? இந்தக் கேள்வியில்தான் எங்கள் கூட்டம் ஆரம்பித்தது. ஏழாவது படிக்கும் அக்கா தம்பியைப் பார்த்துக்கொண்டு முதல் பீரியடை விடுகிறாள். மூன்று வயதுப் பிள்ளை, ஒன்பது மணிவரை ஒரு டம்ளர் டீயோடு இருக்கிறது. நான் முதல் கூட்டத்துக்குச் சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதிக்கொண்டு போனேன் — ‘குழந்தை வறுமையை ஒழிப்போம்’. கலர் பென்சிலால் ஓரத்தில் பூ வேறு!

கௌரி அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை வைத்திருப்பவர். காலனியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

“டீச்சர், வறுமய ஒழிக்கணும்னா எந்த ஆபீஸ்ல போயி கேக்கறது? அதுக்கு கவுன்ட்டரு கீதா? பால்வாடிக்கின்னா ஆபீஸ் கீது. அஞ்சு மணிக்குத் தொறங்கன்னு கேளு. அத்தயே கேளு.”

அவர் சொன்னதுதான் சரி. சார்ட் பேப்பரைச் சுருட்டி வைத்துவிட்டு, மனு எழுத உட்கார்ந்தேன்.

மனு கொடுப்பதில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கலாம். கையெழுத்துத் தாள் முதலில். மனு பிறகு. ஷிப்டுக்கு ஓடுகிற பெண்களை ஒரே இடத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்ட யாருக்கு நேரம்? கோடு போட்ட தாளில் வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிடுவோம். மனு டைப் ஆனதும் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துவிடுவோம். எல்லோரும் செய்கிறார்கள். நானும் செய்தேன்.

டைப் அடிக்கும்போது எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். ‘பொதுவாக எழுதாதே, உதாரணம் கொடு’ என்று எத்தனை பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன்! எஸ்தர் நினைவுக்கு வந்தாள். இருபத்தைந்து வயது. முதல் ஷிப்ட். கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ஆந்திரா பக்கம். ஒரே மகள் கிருபா, மூன்றரை வயது. “தூங்கற புள்ளய உள்ள உட்டு, வெளிய பூட்டினு போயிடுவேன்க்கா” என்று இட்லியை விழுங்கிக்கொண்டே ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தாள். “உன் விஷயத்த மனுல சொல்லலாமா?” என்று கேட்டேன். “சொல்லுங்கக்கா” என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் சொன்னேன். எப்படி? பெயர் போட்டு. தெரு போட்டு. கதவு எண் போட்டு. ‘அஞ்சு இருபது முதல் ஒன்பது வரை, ஏறக்குறைய நான்கு மணி நேரம், மூன்றரை வயதுக் குழந்தை பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருக்கிறது’ என்று எழுதினேன். படித்துப் பார்த்து நானே கண் கலங்கினேன். நன்றாக எழுதியிருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைப்பானேன்?

திங்கட்கிழமை மனு நாளில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய், வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்தோம். ரசீது வாங்கினோம். வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தோம்.

பத்து நாள் கழித்து அதிகாரிகள் வந்தார்கள்.

பால்வாடியைப் பார்க்க இல்லை. எஸ்தரைப் பார்க்க.

குழந்தைகள் நலனுக்கான அலுவலகத்திலிருந்து இரண்டு பேர். மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஷிப்ட் முடிந்து வந்தவள் முகம்கூடக் கழுவவில்லை. ‘குழந்தை எங்கே தூங்கும்? கேஸ் அடுப்பு எந்தப் பக்கம்? ஜன்னல் திறக்குமா?’ எல்லாம் எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் குழந்தையோடு விசாரணைக்கு வரச் சொல்லி ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தாளோடுதான் எஸ்தர் என் வீட்டுக்கு வந்தாள். காலில் கம்பெனி ஷூ. இடுப்பில் கிருபா.

“எங்க ஊட்டு நம்பர இன்னாத்துக்குக்கா போட்டீங்க? கொழந்தய ஹோமுக்கு இட்டுக்கினு போயிடுவாங்கன்னு சொல்றாங்கக்கா எல்லாரும்...”

“அப்படியெல்லாம் நடக்காது எஸ்தர்” என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

“நாலு மணி நேரம்னு வேற எழுதிக்கீறீங்களாமே. யாருக்கா சொன்னது நாலு மணி நேரம்?”

யாரும் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டேன். ஒன்பதிலிருந்து அஞ்சு இருபதைக் கழித்தேன்.

அன்று சாயங்காலமே கௌரி அக்காவைத் தேடிப் போனேன். அவர் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே பத்துப் பன்னிரண்டு சாவிகள். ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம் — சிவப்பு ரிப்பன், உடைந்த வளையல், சட்டைப் பட்டன். அந்த டின்னை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைச் சாமான் என்று நினைத்திருந்தேன்.

“முத ஷிப்டு போறவ சாவிய இதுல போட்ருவா. ஆறு நாப்பதுக்கு நைட் ஷிப்டு பஸ்ஸு வரும். அதுல வர்றவ சாவிய எடுத்துக்கினு போயி கதவத் தொறந்து, புள்ளைக்கு டீ போட்டுக் குடுத்து, பக்கத்துல படுத்துக்குவா. எஸ்தர் ஊட்டுக்கு ஞானம் போவா. அதுக்கு நடுவுல புள்ள அழுதா எனக்குக் கேக்கும். எதிர்த்தாப்புலதான ஊடு? நான் இட்லி ஊத்தினே இருந்தாலும் காது அங்கதான் கீது.”

“என்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“நீ எங்க கேட்ட? எழுதினத படிச்சுக் காட்டினியா? கையெழுத்து வாங்கினு போயிட்ட.”

ஆக, நான்கு மணி நேரம் இல்லை. ஒரு மணி இருபது நிமிஷம். அதிலும் ஒரு காது கூடவே இருக்கிறது. அரசாங்கம் செய்யாததை அந்தப் பெண்கள் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அதைப் பார்க்காமல் பூட்டை மட்டும் பார்த்தேன்.

அதற்காக ஒரு மணி இருபது நிமிஷம் சரியா? அந்த ஒற்றை அறையில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிற ஞானம், டீயைக் கொடுத்ததும் தூங்கிவிடுவாள். அதுவும் உண்மைதானே? நான் இப்படித்தான்... ஒரு பக்கம் சாய்ந்தவுடனே இன்னொரு பக்கம் இழுக்கும்.

மறுநாளிலிருந்து எஸ்தர் வேலைக்குப் போகவில்லை. குழந்தையை விட்டு நகரவே பயம். கான்ட்ராக்ட் வேலை. ஒரு வாரம் பார்ப்போம், அப்புறம் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார். காலனியில் மூன்று பெண்கள் என்னிடம் வந்து, கையெழுத்துத் தாளில் தங்கள் பெயரை அடிக்கச் சொன்னார்கள். ‘தாள் திருவள்ளூர்ல இருக்கும்மா’ என்றேன். நம்பவில்லை.

விசாரணைக்கு நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா? இரண்டு பஸ் மாறினோம். எஸ்தர் வழி முழுக்க அந்த விசாரணைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருபாதான் ஜன்னல் வழியாகப் பார்த்த ஒவ்வொரு மாட்டையும் எனக்குக் காட்டிக்கொண்டு வந்தாள்.

அதிகாரி நாற்பது வயதுப் பெண். கண்ணாடி, காட்டன் புடவை, சளி பிடித்த குரல். கிருபாவைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு சாக்லேட் கொடுத்தார்.

“காலையில எழுந்ததும் யாரு இருப்பாங்க பாப்பா?”

“ஞானம் பெரீம்மா.”

“அம்மா எங்க?”

“அம்மா பஸ்ல பூட்ச்சி.”

“ஞானம் பெரியம்மா என்ன பண்ணுவாங்க?”

கிருபா யோசித்தாள். “கொறட்ட.”

எஸ்தரே சிரித்துவிட்டாள். அந்த அறையில் அதுவரை யாரும் சரியாக மூச்சு விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி மனுவை எடுத்தார். என் வாக்கியத்தின் கீழே கோடு போட்டிருந்தது. “நாலு மணி நேரம்னு எழுதியிருக்கீங்களே மேடம்?”

“நான் தப்பா எழுதிட்டேன். விசாரிக்காம எழுதிட்டேன்.” கட்டுரை நோட்டைத் திருத்திக் கொடுக்கிற மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. எஸ்தர் பக்கம் திரும்பினார். “உன் மேல தப்பா எதுவும் எழுதல. ஆனா ஒரு மணி நேரமும் தனியா பூட்டிட்டுப் போறது கூடாது. இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போ. நாங்க மறுபடியும் வந்து பாப்போம்.”

எஸ்தர் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டாள். “எழுதித் தரேன் மேடம். நாளிக்கு அஞ்சு இருவதுக்கு நான் இன்னா பண்றது? அத்தயும் நீங்களே சொல்லிடுங்க.”

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்கு என்கிட்ட உத்தரவு எதுவும் இல்லம்மா. பால்வாடி நேரம் வேற செக்‌ஷன். மறுபடியும் மனு கொடுங்க, அதை மட்டும் கேட்டு.” பிறகு என்னைப் பார்த்து, “ஆனா உதாரணம் வைங்க. வெறும் கோரிக்கை மட்டும் இருந்தா பைல்லயே தூங்கும்” என்றார்.

எஸ்தர் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது கிருபா என் மடியில் தூங்கிப்போனாள். எஸ்தர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். “நீங்க பாப்பாவ தனியா உட்டதே இல்லியாக்கா?”

“இல்ல... எப்பவாவது... அவ தூங்கும்போது கீழ போயி பால் வாங்கிட்டு வருவேன். பத்து நிமிஷம்.”

“பூட்டினு?”

நான் பதில் சொல்வதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். அவர் போன பிறகும் எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூட்டிட்டுத்தான்” என்றேன்.

“ம்” என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த நாளே கௌரி அக்கா ஒரு வழி செய்தார். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலைப் பாஸ்டரிடம் கேட்டு வாங்கினார். அஞ்சு மணிக்குத் தூங்குகிற பிள்ளைகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பாயில் போட்டுவிட வேண்டியது. முறை வைத்து ஒருவர் உட்கார வேண்டியது.

“எம் மாமியா கேட்டா பேஜாரு பண்ணும். சர்ச்சுக்குப் போறியான்னு சண்டைக்கு வரும்” என்றாள் ஒரு பெண்.

“தூங்கற புள்ளைக்கு ஏதுடி சாமி? உங்க மாமியாள வரச் சொல்லு. அவளுக்கும் ஒரு பாய் போடறேன்” என்றார் கௌரி அக்கா.

எனக்குச் செவ்வாயும் வெள்ளியும். என் மகளைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். முதல் செவ்வாய்க்கிழமை ஒன்பது குழந்தைகள் வந்தார்கள். எஸ்தர் யூனிபார்மில், கழுத்தில் ஐடி கார்டோடு வந்து, கிருபாவைத் தோளிலிருந்து இறக்கிப் பாயில் போட்டாள். வேலை தப்பித்துவிட்டது. போர்வையைச் சரிசெய்தாள். குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அது போதும் என்று அன்று நினைத்தேன்.

போதவில்லை. மழைக்கு முன்னால் ஹாலின் கூரையைப் பிரித்து மாற்றப் போகிறார்கள். அடுத்த மாதக் கடைசியில் ஹால் கிடையாது. பிறகு? எஸ்தர் எழுதிக் கொடுத்திருக்கிறாள், பூட்ட முடியாது. பூட்டாமல் வேலைக்கும் போக முடியாது. பால்வாடி திறந்தால்தான் அவளுக்கு வேலை. அதற்கு மனு வேண்டும். மனுவுக்கு உதாரணம் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலில், கையெழுத்து வாங்கும் முன், புது மனுவை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நிறுத்தி, நிதானமாக. இரண்டு இடத்தில் திருத்தினார்கள். பால்வாடி ஆயா மேலேயே சுமத்தாமல் அதிகப்படி நேரத்துக்குத் தனி ஆள் போட வேண்டும் என்று ஞானம் சேர்க்கச் சொன்னாள். எனக்கு அது தோன்றவே இல்லை. சேர்த்தேன்.

உதாரணம் வர வேண்டிய இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். காலியாக விட்டிருந்தேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர்கள் பயம் எனக்குப் புரியாதா?

பின்னாலிருந்து எஸ்தர் குரல். “டீச்சரக்கா பேரப் போடுங்க. அவங்களும்தான் பூட்டினு போறாங்க.”

ஹாலே சிரித்தது. “அட, டீச்சரும் நம்ம கேஸுதானா!” என்று கௌரி அக்கா தொடையில் தட்டினார். நானும் சிரித்தேன். எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை.

“மெய்யாலுமே சொல்றேன்க்கா. உங்க ஊட்டுக்கு ஆபீஸரு வந்தா, சேர்ல உக்காந்து, காபி குடிச்சிட்டு, பால்வாடியப் பத்திப் பேசுவாங்க. எங்க ஊட்டுக்கு வந்தா, கொழந்த எங்கன்னுதான கேக்கறாங்க?”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், உங்களுக்குத் தெரியும். சப்பாத்தியைப் பாதியில் வைத்துவிட்டார். “பத்து நிமிஷம் பால் வாங்கப் போறதும் அதுவும் ஒண்ணா? நம்ம பொண்ணு பேரை எதுக்கு கவர்ன்மென்ட் பைல்ல ஏத்தணும்?”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் பத்து நிமிஷம் சோம்பல். மகளை எழுப்பிச் செருப்பு மாட்டிக் கூட்டிப் போகச் சோம்பல். எஸ்தரின் ஒரு மணி இருபது நிமிஷம் சோம்பல் இல்லை, வேறு வழி இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் அது பொய்யாகாதா? ஒருமுறை பொய்க்கணக்கு எழுதிப் பட்டது போதாதா?

ஆனால் அவர் ‘நம்ம பொண்ணு பேரை’ என்று சொன்னபோது எஸ்தர் கொண்டுவந்த தாள் நினைவுக்கு வந்தது. யாராவது வந்து கதவைத் தட்டி, ‘குழந்தை எங்கே தூங்கும்?’ என்று கேட்டால்... காபி கொடுப்பேனா? தெரியவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன் என்று மட்டும் தெரிகிறது. அது எனக்குக் கற்பனை. எஸ்தருக்கு நடந்தது.

அதனால் உங்களைக் கேட்கிறேன். இந்தப் பக்கத்தில் எத்தனையோ விஷயத்துக்கு எனக்கு வழி சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் கட்டடத்தில் பால் வாங்க, மாடியில் துணி எடுக்க, ஸ்கூல் வேனில் பெரியவனை ஏற்றிவிட, எத்தனை அம்மாக்கள் கதவைப் பூட்டிவிட்டு வெளியே போகிறோம்? எங்கள் பெயர்களை உதாரணமாகப் போட்டு, ‘எங்களுக்குப் பத்து நிமிஷமே இப்படிப் பதறுகிறது’ என்று எழுதினால் அது காலனிக்கு உதவுமா? இல்லை, அவர்கள் கஷ்டத்தில் எங்கள் முகத்தைக் காட்டுவதாகிவிடுமா? பெயரே இல்லாமல் மனு கொடுத்து, பைல் தூங்காமல் இருக்க வேறு வழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அடுத்த மாத முதல் திங்கட்கிழமை நாங்கள் திருவள்ளூர் போகிறோம். அதற்குள் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் பெயரும் முகவரியும் போட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.